பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பும்போது நம் வீட்டு வெளிச்சம்

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். சென்னையில் 1998-ல் கட்டிய வீடு, தரைத்தளமும் முதல் மாடியும். மேற்குப் பக்கம் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு (தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளம்) மேல் நான்கு மாடி கட்டுகிறார்கள். உங்கள் பக்கம் 5 அடி விட்டிருக்கிறீர்கள், அவர்களும் 5 அடி விடுவதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது தளம் எழும்பியதற்கே கீழே சமையலறையிலும் ஹாலிலும் அம்மா பட்டப்பகலில் ட்யூப்லைட் போடுகிறார். "சூரிய வெளிச்சத்துக்கு நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, வேலையை நிறுத்த முடியுமா?" என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று சட்டம். இன்னொன்று, அந்தக் கட்டடம் முழுசாக எழும்பிய பிறகு அம்மா பகலில் விளக்கில்லாமல் சமைக்க முடியுமா என்பது. முதல் கேள்வியில் ஜெயித்தாலும் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடாது. அதனால் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன். நான் கட்டட வடிவமைப்பாளன், இந்த ஊரில் நெருக்கமான மனைகளில் வீடு கட்டிக் கொடுப்பதே பல வருஷமாக என் வேலை. வெளிச்சக் கணக்கை உறுதியாகச் சொல்ல முடியும். சட்டப் பகுதியைச் சட்டத்தைப் படித்தவன் என்ற அளவில்தான் சொல்கிறேன், வக்கீலாக அல்ல.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாக வருவது இரண்டு விதமான ஒளி. ஒன்று நேர் வெயில். இன்னொன்று வானத்திலிருந்து பரவலாக வரும் வெளிச்சம். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். அதே நேரத்தில் வெயில் படாத, ஆனால் வானம் முழுசாகத் தெரியும் இடத்திலும் 10,000-லிருந்து 20,000 லக்ஸ் வரை கிடைக்கும். வீட்டுக்குள் காய்கறி நறுக்க 200 லக்ஸ் போதும். சென்னையில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் நேர் வெயிலை யாரும் விரும்புவதில்லை. திரை போட்டு மறைக்கிறோம். நீங்கள் உண்மையில் இழந்துகொண்டிருப்பது வெயிலை அல்ல, வானத்தை. சென்னை மாதிரி ஊரில் வெளிச்சம் பற்றிய பேச்செல்லாம் இங்கேதான் தடம் மாறிப் போகிறது என்பது என் எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். லண்டன் 51 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். சீனாவில் பல நகரங்களில், ஜனவரி 20-ஐ ஒட்டி வரும் கடுங்குளிர் நாளில் வீட்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் வெயில் கிடைக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 1972-ல் உச்ச நீதிமன்றம் வெயில் மறைக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டு என்றது. 1976-ல் கட்டடத்தின் நிழல் பக்கத்து மனையில் எவ்வளவு நேரம் விழலாம் என்பதற்கே வரம்பு கட்டினார்கள். நாம் இருப்பது 13 டிகிரியில். இங்கே டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரிக்கு மேல் நிற்கும். ஏப்ரல் 25 வாக்கில் நேர் தலைக்கு மேல் வந்து, அப்புறம் வடக்கே போய், ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும். நடுவில் உள்ள கிட்டத்தட்ட நான்கு மாதம் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழுகிறது. இப்படிப்பட்ட ஊரில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருவதைவிட மேலிருந்து வருவதுதான் அதிகம். நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்ததற்கும், ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதித்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் ஜன்னலுக்கு வருவோம். தரைத்தள ஜன்னலின் நடுப்பகுதி ரோடு மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டில்ட்டும் நான்கு மாடியும் சேர்ந்து சுமார் 15 மீட்டர். இரண்டு சுவருக்கும் நடுவே 10 அடி, அதாவது 3 மீட்டர். ஆக, 3 மீட்டர் தூரத்தில் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர். ஜன்னலிலிருந்து அந்தச் சுவரின் தலையைப் பார்க்க 77 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். தொடுவானத்திலிருந்து உச்சி வரை 90 டிகிரி என்றால், மிச்சம் 13 டிகிரிக்குத்தான் வானம். அதிலும் வெயில் என்று பார்த்தால், காலை முழுக்க உங்கள் வீடே மறைக்கும். உச்சி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துக் கட்டடம் மறைத்துவிடும்.

இதோடு முடியவில்லை. 90-களில் கட்டிய வீடென்றால் ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு கண்டிப்பாக இருக்கும். 4 அடி ஜன்னலின் நடுவிலிருந்து பார்த்தால் அந்த 2 அடி கான்கிரீட் பலகை 45 டிகிரிக்கு மேலே உள்ள வானத்தை மறைக்கிறது. கீழே 77 டிகிரி வரை பக்கத்துச் சுவர், மேலே 45 டிகிரியிலிருந்து உங்கள் சன்ஷேடு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிட்டன, அதாவது வானம் துளிகூட மிச்சமில்லை. முன்பு ஓட்டு வீட்டின் கூரைக்கு மேல் தெரிந்த வானத்தைக்கொண்டுதான் உங்கள் சமையலறை வெளிச்சமாக இருந்தது. அது போனபின் உள்ளே வருவதெல்லாம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும். அவர்கள் இன்னும் 5 அடி தள்ளிக் கட்டினாலும் 77 என்பது 71-க்குத்தான் இறங்கும். சன்ஷேடு இருக்கும்வரை வானம் திரும்பி வராது. இந்த ஒரு கணக்கை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சண்டை போட்டு அடிக்கணக்கில் இடம் வாங்கினாலும் உங்கள் அடுப்பங்கரையில் அதற்கேற்ற மாற்றம் தெரியாமல் போகலாம். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சமையல் மேடை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். ஒரு கீற்றாவது வானம் தெரிகிறதா? தெரியாத இடத்தில் பகலில் விளக்கு தேவைப்படும். மேடையின் எந்தப் பகுதியிலிருந்து தெரிகிறது, எங்கே மறைகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் ஒவ்வொரு தளமாக ஏறும்போது அந்தக் கோடு ஜன்னலை நோக்கி நகர்வதைப் பார்ப்பீர்கள்.

நம் நாட்டில் இதற்கு அளவே இல்லையா என்றால், இருக்கிறது. தேசிய கட்டட விதித் தொகுப்பு, நேர் வெயிலைச் சேர்க்காமல் வானத்திலிருந்து மட்டும் வெளியே 8,000 லக்ஸ் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதில் சமையலறைக்கு 2.5 சதவீதம், படிக்கும் அறைக்கு 1.9, ஹாலுக்கு 0.625 சதவீதம் உள்ளே வர வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. லக்ஸில் சொன்னால் 200, 150, 50. நம்மைப் போன்ற புழுக்கமான கடலோர ஊருக்கு ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும், ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் உள்ள இடத்துக்கு அந்த ஜன்னலால் வெளிச்சம் கிடைப்பதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அதில் உண்டு. ஆனால் இவை பரிந்துரைகள். புதிதாகக் கட்டுபவர் தன் வீட்டுக்கு இவ்வளவு ஜன்னல் வைக்க வேண்டும் என்று சொல்லும் விதி, அவர் கட்டுவதால் பக்கத்து வீட்டு ஜன்னலில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பதில்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அப்படித்தான். 18.30 மீட்டர் உயரம் வரை உயர் அடுக்குமாடி அல்லாத கட்டடம் என்ற கணக்கில் வருகிறது, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) பொதுவாக 2, அகலமான சாலை என்றால் பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் கட்டடத்தின் உயரத்தையும் மனையையும் பொறுத்தது. உங்கள் பக்கத்து மனைக்கு 5 அடி போதுமா போதாதா என்பது அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். கண்டிப்பாகப் பாருங்கள், 15 மீட்டர் உயரத்துக்கு 5 அடி என்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே இதைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. இருட்டும் நெரிசலுமான சால்கள்தான் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள பல மாடிக் குடியிருப்புகள்) காரணம் என்று அரசு நினைத்தது. 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் வலியுறுத்திய அளவுகோல் 63½ டிகிரி. அறையின் அடிமட்டத்திலிருந்து எதிர்க் கட்டடத்தின் தலை 63½ டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எளிமையாகச் சொன்னால், சுவர் எவ்வளவு உயரமோ அதில் பாதியாவது இடைவெளி வேண்டும். இங்கிலாந்தில் பேசப்பட்ட 45 டிகிரியை அப்படியே இறக்காமல், நம் வானம் பிரகாசமானது, நிலமும் விலை கூடியது என்று பார்த்து எடுத்த அளவு இது. உங்கள் 77 டிகிரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மைவிட உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டும் ஹாங்காங் 2003-ல் இன்னொரு வழியை எடுத்தது: இடைவெளியை அடிக்கணக்கில் மட்டும் பார்க்காமல், ஜன்னல் கண்ணாடியின் மேல் விழும் பகல் ஒளி வெளியே கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று காட்டினால் போதும், அறைக்கு 8 சதவீதம், சமையலறைக்கு 4. சென்னை எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் லண்டனிலிருந்தோ பீஜிங்கிலிருந்தோ அல்ல, இந்த இரண்டிலிருந்தும்தான் என்று நினைக்கிறேன்.

இனி சட்டம். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-ல் வந்தது. வசதியுரிமை (ஈஸ்மென்ட்) என்றால் அடுத்தவர் நிலத்தின் மேல் நம் சொத்துக்கு இருக்கும் உரிமை. முதலில் அமலான சில மாகாணங்களில் மதராஸும் ஒன்று. அதன் 15-வது பிரிவுப்படி, ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சமோ காற்றோ 20 ஆண்டுகள் இடைவிடாமல், அமைதியாக, வசதியுரிமை என்ற முறையில் வந்துகொண்டிருந்தால் அது உரிமையாகிவிடும். 1998 வீடு என்பதால் காலக்கெடுவை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அந்த ஜன்னல் 1998-லேயே அதே இடத்தில், அதே அளவில் இருந்ததா என்பது முக்கியம். நடுவில் பெரிதாக்கியிருந்தால் கூடுதல் பகுதிக்குப் புதிதாக 20 ஆண்டு எண்ண வேண்டியிருக்கும். இரண்டு மனையும் இடையில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, பாகப்பிரிவினையில் பிரிந்திருந்தால் கணக்கே வேறு; அதற்கு 13-வது பிரிவைப் பார்க்க வேண்டும்.

உரிமை இருப்பது ஒன்று, அது மீறப்பட்டதாக நீதிமன்றம் ஏற்பது இன்னொன்று. வெளிச்சம் குறைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. 33-வது பிரிவின்படி, வீட்டின் மதிப்பைக் கணிசமாகக் குறைக்க வேண்டும், அல்லது அங்கே வாழ்பவரின் உடல் சௌகரியத்தைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும், அல்லது வழக்கமான தொழிலைப் பழையபடி செய்ய முடியாமல் ஆக்க வேண்டும். 1904-ல் இங்கிலாந்தில் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை கோல்ஸ் வழக்கில் சொன்னதும் இதே திசையில்தான்: முன்பு எவ்வளவு இருந்தது என்பது அல்ல, சாதாரண மனிதர் வாழப் போதுமான வெளிச்சம் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பகலில் விளக்கில்லாமல் சமைக்க முடியவில்லை என்பது இந்த வகையில் வலுவான வாதம். ஹால் முன்பைவிட மங்கலாக இருக்கிறது என்பது அவ்வளவு வலு இல்லாதது. அனுமதி வாங்கிக் கட்டுகிறோம் என்று அவர்கள் சொன்னால், அனுமதி உங்கள் வசதியுரிமையை அழித்துவிடாது, அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியோ தனிநபர் உரிமைக்குத் தீர்ப்பு சொல்வதில்லை. அதேபோல அவர்கள் இடம் விடாமல் விதியை மீறினால், அது விதிமீறல். அதனாலேயே உங்கள் வெளிச்ச உரிமை நிரூபணமாகிவிடாது. இரண்டு தடங்களும் தனித்தனி. உங்கள் வீட்டுத் திறந்த முற்றத்துக்கோ தோட்டத்துக்கோ வரும் வெளிச்சத்துக்கு இந்த உரிமை கிடையாது, 17-வது பிரிவு அதைத் தெளிவாகவே விலக்குகிறது. மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் பலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். சட்டம் பேசுவது கட்டடத்தின் திறப்புகளுக்குள் வரும் ஒளியைப் பற்றி. பேனலுக்கு அதை நீட்டுவது கஷ்டம் என்பது என் வாசிப்பு, இதில் வக்கீல் வேறு மாதிரி சொல்லலாம்.

நேரம் இங்கே ரொம்ப முக்கியம். மறைப்பு தெரியவந்த பின் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால், அது நீங்கள் ஏற்றுக்கொண்ட தடங்கல் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதைவிட நடைமுறையில், எழும்பி முடிந்து ஆள் குடியேறிய சுவரை இடிக்கச் சொல்ல நீதிமன்றங்கள் தயங்கும். நஷ்டஈட்டோடு நிற்க வாய்ப்பு அதிகம். அவர்கள் இரண்டாவது தளத்தில் இருக்கும்போதே நீங்கள் கேட்டது நல்லது.

உடல்நலம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அம்மாவுக்கு வைட்டமின் டி குறைந்துவிடுமா என்று. இதில் உறுதியானது ஒன்று: ஜன்னல் கண்ணாடி, வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்த வேலையை முன்பும் செய்யவில்லை. அதற்கு வெளியே போக வேண்டும், மாடிக்காவது. காலையில் நல்ல வெளிச்சத்தில் இருப்பது தூக்கத்தையும் உடலின் நேர ஒழுங்கையும் சீராக வைக்கிறது என்பதும் உறுதியானதுதான். வயதான கண்ணுக்கு அதே வேலைக்கு இளம் கண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே உங்களுக்குப் போதும் என்று தோன்றும் இடம் அம்மாவுக்கு இருட்டாக இருப்பது கற்பனை அல்ல. கத்தியும் அடுப்பும் உள்ள இடம் என்பதால் இதைச் சும்மா விட வேண்டாம். காசநோய் பற்றிப் பேசுபவர்கள் மும்பையை உதாரணம் காட்டுவார்கள். அங்கே கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில், குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு நடுவே வெறும் 3 மீட்டர். இடைவெளி கூடிய இன்னொரு குடியிருப்போடு ஒப்பிட்டபோது இங்கே காசநோய் அதிகம் என்று டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதே 3 மீட்டர்தான் உங்களுடையதும் என்பதால் பயந்துவிட வேண்டாம். அங்கே ஒரே அறையில் குடும்பமே இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. வெளிச்சம் இல்லாததன் பங்கையும் காற்று இல்லாததன் பங்கையும் நெரிசலின் பங்கையும் இப்படிப்பட்ட ஆய்வில் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் நான் எதிர்பார்க்கும் தொந்தரவு வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வானமே மங்கலாக இருக்கும்போது அந்த 10 அடிச் சந்து காயவே காயாது. சுவரில் பாசி, உள்ளே அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, காயாத துணி வாடை. அதற்கு மாறாக, சித்திரை, வைகாசியில் உங்கள் மேற்குச் சுவர் சாயங்கால வெயிலில் கொதிப்பது நிற்கும், வீடு முன்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இப்போது செய்யக்கூடியவை. முதல் வேலை அந்த சன்ஷேடு. மேற்கு வெயிலே வராத சுவரில் வெயில் மறைப்புக்கு இனி வேலை இல்லை. மழை மறைப்பு மட்டும் போதும். கான்கிரீட் பலகையை வெட்டிவிட்டு, அதே இடத்தில் தெளிவான பாலிகார்பனேட் அல்லது டஃபன்ட் கண்ணாடி போட்டால் மிச்சமிருக்கும் 13 டிகிரி வானம் உள்ளே வரும். உச்சி வானம் என்பதால் அது சின்னக் கீற்றானாலும் பிரகாசமானது. மேகமூட்டமான நாளில் உச்சி வானம் தொடுவானத்தைவிட மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கும். ஆனால் சன்ஷேடு பெரும்பாலும் லின்டலோடு (ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) சேர்த்து வார்த்தது. மேஸ்திரியிடம் சுத்தியலைக் கொடுத்து உடைக்கச் சொல்லாதீர்கள். ஒரு பொறியாளர் பார்த்து, கட்டர் வைத்து அறுக்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்ச் சுவர். இனி உங்கள் வீட்டுக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு அந்தச் சுவரில் பட்டுத்தான் வரப் போகிறது. பூசாமல் விட்ட செங்கல், வெறும் சிமென்ட் பூச்சு இவையெல்லாம் தன்மேல் படும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூடத் திருப்பித் தராது. நல்ல வெள்ளை முக்கால் பங்குக்கு மேல் திருப்பும். சந்துக்குள் ஒளி இரண்டு சுவரிலும் மாறி மாறிப் பட்டுக் கீழே இறங்குவதால், ஒவ்வொரு முறை படும்போதும் இந்த வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும். தரைத்தளத்துக்கு வந்து சேரும்போது சிமென்ட் சுவருக்கும் வெள்ளைச் சுவருக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு. உங்கள் சுவரையும், சந்தின் தரையையும்கூட வெள்ளையாக்குங்கள். தரைக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் பாசியையும் கழுவிவிடலாம்.

மூன்றாவது, ஜன்னலே. அந்தக் காலத்து வீடுகளில் பழுப்புக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி நிறைய. உங்களுடையது அப்படியிருந்தால் முதலில் மாற்றுங்கள். தூசி படிந்த கொசுவலை, நெருக்கமான பூவேலை கிரில், பாதி மறைத்த புள்ளிக் கண்ணாடி, எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். ஜன்னலைக் கீழே பெரிதாக்குவதைவிட மேலே உயர்த்துவது நல்லது. அறைக்குள் ஆழமாகப் போகும் ஒளி ஜன்னலின் மேல்பகுதி வழியாக வருவதுதான். லின்டலுக்கு மேல் வென்டிலேட்டர் இருந்து, அதை அட்டை வைத்து அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். படிக்கட்டு அறையின் தலைப்பகுதியில் கண்ணாடி வைக்க முடிந்தால் ஹாலுக்கு அதுவே பெரிய உதவி. மாடியில் ஸ்கைலைட் போடச் சொல்லி யாராவது சொன்னால், சின்னதாக வையுங்கள். அந்த அறைத் தரையில் 2, 3 சதவீதம் போதும், அதற்கு மேல் போனால் மே மாதம் அங்கே உட்கார முடியாது. இதெல்லாம் செய்தாலும் தரைத்தளச் சமையலறையில் 200 லக்ஸ் நாள் முழுக்கக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காலை பத்திலிருந்து மூன்று வரை ஓரளவு சமாளிக்கலாம் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. முதல் மாடிக்குச் சமையலறையை மாற்ற வழியிருந்தால், அம்மாவுக்குப் படியேறுவது சிரமமில்லை என்றால், அதையும் யோசியுங்கள்.

நெருக்கமாகக் கட்டுவதே தப்பு என்று நான் நினைப்பதில்லை. இத்தனை பேருக்கு நகரத்துக்குள் வீடு வேண்டும். தப்பு, இடத்தைச் சிதறடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை, 40-க்கு 60 அடி. இரண்டு பக்கமும் 5 அடி விட்டால் 600 சதுர அடி போகிறது, மனையில் கால்வாசி. அந்தக் கால்வாசி நிலம் இரண்டு நீளமான சந்தாகக் கிடக்கிறது. அதில் வானமும் இல்லை, ஆளும் போவதில்லை, கேஸ் சிலிண்டரும் உடைந்த பக்கெட்டும்தான் கிடக்கின்றன. அதே 600 சதுர அடியை ஒரே இடத்தில் 20-க்கு 30 முற்றமாக வைத்தால், 15 மீட்டர் கட்டடத்தின் தரைத்தள ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் குறுக்கே 65 டிகிரியிலும் நீளவாக்கில் 55 டிகிரியிலும் தெரியும். பம்பாயின் 63½-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், ஒரு சதுர அடிகூடக் குறைக்காமல். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டி நடுவில் முற்றம் விட்ட தெருக்கள் இந்தக் கணக்கில்தான் நின்றன. இன்றைய விதிகள் பெரும்பாலும் அந்த மாதிரிப் பழைய தொடர் கட்டடப் பகுதிகளில்தான் பக்கத்தில் இடம் விடாமல் கட்ட அனுமதிக்கின்றன. பக்க இடைவெளிக்குத் தீயணைப்பு, குறுக்குக் காற்று என்று வேறு நியாயங்களும் உண்டு, அதனால் நாளைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு மனைக்காரர்கள் சேர்ந்து நடுவில் ஒரு பொது முற்றம் விட்டால் அவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யில் சலுகை கொடுக்கலாம். இதை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: மேற்கு ஜன்னல் ஒவ்வொன்றையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தேதியோடு படம் எடுங்கள். ஒரே போனில், ஒரே ஆப்பில், ஒரே இடத்தில், காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் லக்ஸ் அளவு எழுதி வையுங்கள். போன் காட்டும் எண் துல்லியமானது அல்ல, ஆனால் தளம் ஏற ஏற அது எப்படி இறங்குகிறது என்பது நம்பத்தக்கது. 1998 வரைபடம், சொத்து வரி ரசீது, மின் இணைப்புத் தேதி, ஜன்னல் தெரியும் பழைய குடும்பப் போட்டோ ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். கட்டுமான இடத்துப் பலகையில் உள்ள அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டு, வரைபட நகலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். இவற்றோடு சிவில் வக்கீலைப் பாருங்கள். அதற்கு முன்போ பின்போ, பக்கத்து வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார்த்து, உங்கள் பக்கச் சுவரைப் பூசி வெள்ளையடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி. 10 அடிச் சந்தில் 15 மீட்டர் சுவருக்குத் தனியாக மறுபடியும் சாரம் கட்ட ஆகும் செலவு பெயின்டைவிட அதிகம், அதனால் அவர்கள் சாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.